மோட்டாருக்கு மிஸ்டு கால்

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மணிக்கு ஒரு முறை வாய் திறந்து நேரம் சொல்லும் ரகம். பின்பக்கம் வரிசையாகப் பொத்தான்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு, ஒன்றின் மேலும் எழுத்து கிடையாது. பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான். அந்தக் கடிகாரம் இன்றுவரை எங்கள் வீட்டில் விடிந்ததும் மாலை வணக்கம் சொல்கிறது. என் கணவர் அதை நம்பி சாயங்கால டிபன் கேட்கிறார்.

போன மாதம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பம்புசெட்டுக்கு இப்போது செல்போன் ஆப் வந்துவிட்டதாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக மனித உளவியலும் இயந்திர வடிவமைப்பும் என்று ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்கே கொட்டாவி வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஜனங்கள் மோட்டார் ஸ்டார்ட்டரோடு, அதாவது பம்புசெட்டை ஓட்டி நிறுத்தும் பெட்டியோடு, போட்ட சண்டைதான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் எம்.ஏ. உளவியல். அந்தக் காலத்தில் விழுப்புரத்தில் உளவியல் படித்த பெண்ணைப் பார்த்தால் எல்லோரும் ஒன்று, தங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்வார்கள்; இல்லாவிட்டால் பி.எட். படிக்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் பயந்துதான் திண்டிவனத்தில் ஒரு ஸ்டார்ட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி சபாபதி சார். என் சான்றிதழைப் படித்துவிட்டு, "நம்ம கஸ்டமருங்க எல்லாம் கோவமா வர்றாங்க மேடம். நீங்க மனசப் பத்திப் படிச்சிருக்கீங்க. எதனா பண்ணுங்க" என்றார். புகார் வாங்கும் மேஜைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். புகாரைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் "வாங்க மேடம்" என்பவர், "தாங்கள் சற்று அமர வேண்டும்" என்றால் கட்டடமே அமைதியாகிவிடும். எந்தப் புகாருக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: இன்னொரு லைட். மோட்டார் சூடாகிறது என்றால் ஒரு மஞ்சள் லைட். தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது என்றால் ஒரு நீல லைட். நான் சேர்ந்தபோது எங்கள் ஸ்டார்ட்டரின் முகப்பு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தயாராக இருந்தது.

மனிதனின் கவனம் சின்னப் பாத்திரம், ஒரே நேரத்தில் அதிகம் ஊற்றினால் வழிந்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். சாரிடம் அதைச் சொன்னபோது, "அப்படின்னா பாத்திரம் வழியுதுன்னு சொல்ல ஒரு லைட் போடலாமா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் படித்திருந்தேன். கூண்டுப் புறாவுக்கு ஏதோ ஒரு நேரத்தில் இரை விழுந்தால், அந்த நேரத்தில் தான் தலையை ஆட்டியதால்தான் விழுந்தது என்று அது ஆட்டிக்கொண்டே இருக்குமாம். எங்கள் ஸ்டார்ட்டரை வாங்கிய பாதிப் பேர் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அறை விடுவார்கள். எப்போதோ ஒரு நாள் அறைந்தபோது ஓடியிருக்கும். உண்மையில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சற்றுத் தாமதித்துத்தான் மோட்டார் கிளம்பும். அந்த இடைவெளியில் பெட்டி வாயே திறக்காது. வாய் திறக்காதவனை யாருமே அறையத்தான் செய்வார்கள். அழுத்தியதும் ஒரு சின்ன 'கிர்ர்' சத்தம் வரும்படி செய்யச் சொன்னேன். செய்தார்கள். அறைகள் நின்றுபோயின. சார் மட்டும் கடைசிவரை அறைந்துகொண்டிருந்தார், பழக்க தோஷம்.

அதற்குப் பிறகுதான் என்னைப் பரிசோதனை செய்ய விட்டார். முறை எளிது. ஒரு பலகையில் ஸ்டார்ட்டரைப் பொருத்தி, மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பு மாட்டி, விவசாயி ஒருவரை உட்கார வைத்து, "இதை ஓட்டுங்க, மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கினே ஓட்டுங்க" என்று சொல்ல வேண்டும். பிறகு நான் பேசக்கூடாது. முகத்திலும் எதையும் காட்டக்கூடாது. நான் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினேன். மாமியார் வீட்டில் யாரிடமோ எனக்குக் கோபம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

ஆனால் நம் ஜனங்களுக்குத் தனியாக வாய்விட்டு நினைக்க வராது. ஒருவர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு மகள் கல்யாணக் கதையைச் சொன்னார். மற்றவர்கள் விரலைப் பொத்தானிலும் கண்ணை என் முகத்திலும் வைத்தார்கள். முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று பின்னால் உட்கார்ந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். "அத்த அமுக்காத, செவப்புதான் ஓட்றது." "உனுக்கு இன்னா தெரியும், போன தபா மோட்டார கரிய வெச்சது நீதான." மனதில் இருப்பது, இல்லாதது எல்லாம் தானாக வெளியே வந்தன. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

இப்போது அந்தத் தர்பூசணி விவகாரத்துக்கு வருகிறேன்.

செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட, ஆனால் பேசினால் காசு போகும் என்று எல்லோரும் பயந்த காலம். அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் எடுப்பதற்குள் துண்டித்தால் செலவே இல்லை. எங்கள் வீட்டில் என் கணவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வேலை முடிந்து பஸ் ஏறிவிட்டார் என்று அர்த்தம். இரண்டு கொடுத்தால் இறங்கிவிட்டார், தோசைக்கல்லைப் போடலாம். எல்லா வீட்டிலும் இப்படி ஏதோ ஒரு கணக்கு இருந்தது.

சாருக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மறுபடி ஒன்று கொடுத்தால் நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டுவதற்கும் அதே விரல், நிறுத்துவதற்கும் அதே விரல் என்றால், மோட்டார் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் செய்ய நினைத்ததற்கு நேர் எதிராகச் செய்துவிடுவார். இதைச் சொன்னேன்.

"அதுக்குத்தான் லைட் இருக்கே மேடம்."

"லைட் வயக்காட்டுக் கொல்லையில இருக்கு சார். ஆள் வீட்டுல இருக்கார்."

சார் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "பெரிய லைட்டா போட்டுடலாம்" என்றார்.

பெட்டி விற்பனைக்குப் போனது. கோடை தொடங்கும் நேரத்தில் ஒரு நாள், ஓர் அம்மாள் தலையில் கோணி மூட்டையோடு நேராக சார் அறைக்குள் போய், மூட்டையை மேஜைமேல் கவிழ்த்தார். தர்பூசணிகள். எல்லாம் வாய் பிளந்து சிவப்புச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தன. சாருடைய டெலிபோன், கண்ணாடி, குலதெய்வத்தின் படம் எல்லாவற்றிலும் விதை ஒட்டியது.

"தாங்கள் சற்று அமர வேண்டும்" என்றார் சார்.

அந்த அம்மாளின் பெயர் பச்சையம்மாள். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஓர் ஊர். புருஷன் இல்லை. ஒரே மகன் குமரேசன் சென்னையில் ஏசி மெக்கானிக். எங்கள் பெட்டியை வாங்கிக் கொடுத்ததும் அந்த மகன்தான். கேள்வி கேட்கிறவர்கள் எல்லாம் டீச்சர் என்பது அந்த அம்மாளின் எண்ணம். என்னையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

"நான் ஓட்னா நிக்கிது டீச்சர், நிறுத்துனா ஓடுது. காய் பழுக்கிற நேரத்துல தண்ணிய கொறைக்கணும். இது ராப்பகலா ஊத்திப்புட்ச்சி. அத்தினியும் வெடிச்சிக்கினு கெடக்குது."

பழுக்கும் தர்பூசணிக்குத் தண்ணீர் அதிகம் போனால் தோல் தாங்காது, வெடித்துவிடும். சார் நஷ்டஈடு பற்றி ஏதோ தொடங்கினார். பச்சையம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய கவலை வேறு.

"எம் மவன் போன் பண்ணா ஒரே பேச்சுதான், கொல்லைய குத்தகைக்கு வுட்டுட்டு மெட்ராசுக்கு வான்னு. இந்த வாட்டி நானும் ரோசத்துல வாய குடுத்துட்டேன். தர்பூசணி சரியா வரலன்னா வந்துடறேன்டான்னு. முன்ன போட்டது பூட்ச்சி. பின்ன போட்டது இன்னும் நிக்கிது. அதுவும் வெடிச்சிதுன்னா நான் மூணாவது மாடியில குந்திக்கினு கொசு அடிக்க வேண்டியதுதான்."

சொல்லும்போது சிரித்தார். ஆனால் கை மட்டும் முந்தானையை விடவில்லை. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. பின்னால் விதைத்தது பழுப்பதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி சார் என்னிடம் சொன்னார். வெடித்த பழங்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அறுத்து எல்லோரும் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு.

மறுநாளே போனேன். ஏற்கெனவே பச்சையம்மாள் பெட்டியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் ஏதோ செய்வினை வைத்துவிட்டார் என்று அவருக்கு ஒரு சந்தேகம். நான் வேப்பமரத்தடியில் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். மோட்டார் ஓட்டுவதற்கான மும்முனை மின்சாரம் வரும் நேரம் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. அட, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைப்பதற்குள் நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி ஓடியது. சுற்றிலும் ஆள் இல்லை, மேய்கிற ஆடுகூட இல்லை. எம்.ஏ. படித்த எனக்கே எலுமிச்சைமேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பச்சையம்மாள் கரண்ட் வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தாராம். பாதி வழி நடந்து வந்து காது கொடுத்தாராம், சத்தம் இல்லை. அதனால் மறுபடி கொடுத்தாராம். மோட்டார் ஓடியது, நின்றது, ஓடியது என்றால் மூன்று கால்; இவர் கொடுத்தது இரண்டு, ஒன்று குறைகிறது. இந்த நம்பர் வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"எம் மவன்கிட்ட இருக்குது. அவன் பண்ண மாட்டான். அவனுக்கு கொல்லைன்னாலே புடிக்காது."

அவர் கேப்பைக் கூழ் கரைக்க உள்ளே போனபோது நான் குமரேசனை அழைத்தேன். முதலில் தயங்கினான்.

"நான்தான் மேடம் டெய்லி போட்றது. கரண்ட் வந்ததும் போட்டு வுட்ருவேன். வேலை முடிஞ்சதும் நிறுத்திடுவேன். அந்த வெயில்ல அம்மா எதுக்கு நடக்கணும்."

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா பேச்சு வளரும் மேடம். பேசுனாலே கொல்லையப் பத்தி சண்டைதான் வருது. நானே வுட்டுட்டு வான்னு சொல்லிக்கினு, நானே தண்ணியும் பாய்ச்சினா, அது என்னை இன்னா கேக்கும்?"

ஆக, மகன் ஓட்டுவான். அம்மா ஓட்டுவதாக நினைத்து நிறுத்துவார். அம்மா நிறுத்துவார், மகன் நிறுத்துவதாக நினைத்து ஓட்டிவிட்டுப் படுப்பான், கரண்ட் போகும்வரை தண்ணீர் கொட்டும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உதவி செய்தே முதல் விளைச்சலை வெடிக்க வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பச்சையம்மாள் கூழைக் கொண்டுவந்து வைத்து, கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மகன் சொன்னதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

சாரிடம் திரும்பி வந்து இரண்டு மாற்றங்கள் கேட்டேன். ஊரில் மிஸ்டு காலுக்கு ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. நாம் புதிதாக ஒன்று கற்பிக்க வேண்டாம். ஒன்று என்றால் கிளம்பியாகிவிட்டது, இரண்டு என்றால் முடிந்தது. மோட்டாரும் அப்படியே நடக்கட்டும். ஓடுகிற மோட்டாருக்கு யார் எத்தனை தடவை 'ஓடு' என்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். அடுத்து, மோட்டார் பதில் சொல்ல வேண்டும். யார் அழைத்தாலும் பதிவு செய்த எல்லா போனுக்கும் அது திருப்பி மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், ஓடினால் ஒன்று, நின்றால் இரண்டு.

"லைட்?" என்றார் சார்.

"வேண்டாம் சார்."

"ஒண்ணே ஒண்ணு?"

பாவமாக இருந்தது. ஒரு சிறிய பச்சை லைட்டுக்குச் சம்மதித்தேன்.

புதுப் பெட்டியை மாட்ட சாரே வந்தார். பின்னால் விதைத்ததில் பழம் நன்றாகத் திரண்டிருந்தது. அந்த வாரம்தான் தண்ணீரை அறவே நிறுத்த வேண்டிய வாரம். அது முடிந்ததும் வியாபாரி லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்ன அர்த்தம் என்று பச்சையம்மாளிடம் நேரிலும், குமரேசனிடம் போனிலும் சொல்லியாயிற்று. நாங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். கரண்ட் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது.

பச்சையம்மாளின் சுருக்குப் பையில் போன் ஒரு முறை அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தார். "நான் ஒண்ணும் பண்ணலியே" என்றார். என்னைப் பார்த்தார். நான் பழகிய கல் முகத்தை வைத்துக்கொண்டேன். அவருக்கு விஷயம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. முகம் என்னவோ போல ஆனது. கோபமா சந்தோஷமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, உளவியல் படித்தும். பிறகு தண்ணீர் போவது நினைவுக்கு வந்து, மோட்டாருக்கு இரண்டு மிஸ்டு கால் கொடுத்தார். மோட்டார் நின்றது.

உடனே சென்னையில் போன் இரண்டு முறை அடித்திருக்கும். ஏதோ கோளாறு என்று குமரேசன் நினைத்திருப்பான். மோட்டார் மறுபடி ஓடியது.

பச்சையம்மாள் நிறுத்தினார். அவன் ஓட்டினான். அவர் நிறுத்தினார். பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டர் சுவிட்ச் டக், டக் என்று அடித்துக்கொண்டது. சாருக்கு வியர்த்துவிட்டது.

"தாங்கள் தயவுசெய்து என்ன நடக்கிறதென்று விளக்க வேண்டும்" என்றார்.

"அம்மாவும் பிள்ளையும் பேசிக்கிறாங்க சார்."

"மோட்டார் எரிஞ்சிடும் மேடம்."

பெட்டியை அறையப் போன அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். பச்சையம்மாள் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "பழம் முத்திட்ச்சிடா, கம்முனு இரு" என்று சொல்லிவிட்டு, கடைசியாக இரண்டு கொடுத்தார். மிஸ்டு காலில் பேச்சு போகாது என்று அவருக்கும் தெரியும். மோட்டார் நின்றது. காத்திருந்தோம். பிறகு ஓடவில்லை. அன்றும் ஓடவில்லை, வியாபாரி வரும்வரை ஒரு நாளும் ஓடவில்லை. அத்தனை வருஷம் கொல்லையில் வளர்ந்தவனுக்கு, இந்தப் பருவத்தில் அம்மா விடாமல் நிறுத்துகிறாள் என்றால் எதற்கு என்று புரியாதா?

பழம் ஒன்றுகூட வெடிக்காமல் லாரி ஏறியது. நிலத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சு அத்தோடு நின்றது.

சில வாரம் கழித்து பச்சையம்மாள் மறுபடி கோணி மூட்டையோடு வந்தார். சார் டெலிபோனையும் குலதெய்வத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை பழங்கள் முழுசாக இருந்தன. ஆனால் பச்சையம்மாளுக்கு ஒரு குறை இருந்தது.

"அறுப்பு முடிஞ்சிட்ச்சி. கொல்லை சும்மா கெடக்குது. மோட்டாருக்கு வேல இல்ல. அவனும் மிஸ்டு கால் குடுக்கறதில்ல. மோட்டார் ஓடாம, மிஸ்டு கால் மட்டும் வர்ற மாதிரி எதனா பண்ணிக் குடுங்க டீச்சர்."

அதற்குப் பெட்டி எதற்கு, மகன் நேராக உங்களுக்கே போன் செய்யலாமே என்றேன்.

"அவன் எனுக்கு பண்ணா நான் எடுத்துடுவேன். எடுத்தா பேசுவோம். பேசுனா சண்டை. மோட்டார் வழியா வந்தா சண்டை வர்றதில்ல."

நான் படித்த பாடம் எதிலும் இது இல்லை. சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். லைட் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து பரிசோதனைப் பலகையை இழுத்துப் போட்டு, டெஸ்டரை எடுத்து, அதில் மாட்டியிருந்த பெட்டியில் மாற்ற வேண்டியதைத் தானே மாற்றினார். மூன்று மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் அசையாது. அடுத்தவர் போன் மட்டும் மூன்று முறை அடிக்கும். பெட்டியில் இருவர் நம்பரையும் பதிந்து, குமரேசனுக்கும் சொல்லி வைத்தோம்.

பச்சையம்மாள் மூன்று கொடுத்தார். பலகையில் பல்பு எரியவில்லை. எதுவுமே நடக்கவில்லை. சார் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் நடக்காததைப் பார்த்து ஒரு பொறியாளர் அவ்வளவு கவலைப்பட்டு நான் கண்டதில்லை.

"வேலை செஞ்சுதா மேடம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

சுருக்குப் பைக்குள் போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மூன்றாவது முறையும் அடித்து நின்றது. பச்சையம்மாள் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கோணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாப்ட்டானாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.